சிரிப்பு போதவில்லை

தொண்ணூறு நாளில் பத்தாயிரம் பேரை வேலைக்கு எடுப்பதாக அந்த மென்பொருள் கம்பெனி சபதம் செய்தது. பத்தாயிரம் பேருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நாகரிகமாக இருக்காது. ஆள் நிறைய இருந்தால் கம்பெனி பெரிசு; கம்பெனி பெரிசு என்றால் வேலை தானாக வரும்; வேலை வந்தால் செய்ய ஆள் வேண்டும்; ஆள்தான் இருக்கிறதே! இந்த ஞானத்தை வட்டமாக அம்புக்குறி போட்டுப் படமாக வரைந்து தலைமை அலுவலக வாசலில் மாட்டியிருந்தார்கள். அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருத்தர்கூட அந்த வாசலை மிதிக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். வீட்டில் வைத்தே ஆள் எடுப்பது, வீட்டில் வைத்தே வேலை வாங்குவது, பிடிக்காவிட்டால் வீட்டில் வைத்தே அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. நாற்காலி வாங்கும் வேலைகூட மிச்சம்.

நம்மவர் அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர். வயது நாற்பத்து மூன்று. இருபது வருஷம் புரோகிராம் எழுதிப் பிழைத்தவர். பழைய கம்பெனி மூடிவிட்டதால் எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். மனைவிக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை; காலையில் அவள் ஓடுவாள், மகள் ஓடுவாள், இவர் கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. மாமனார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, "மாப்பிள்ளை, ஏதாவது...?" என்று பாதியில் நிறுத்துவார்.

இண்டர்வியூ மூன்று சுற்று நடந்தது. மூன்றுமே குரல் மட்டும். கேமராவைப் போட்டால் லைன் தாங்காது என்று உத்தரவு. முதல் இரண்டு பேரும் கேட்ட கேள்விக்கு நம்மவர் பொளந்து கட்டினார். மூன்றாவது சுற்றுக்காரர், "சார், நான் சேர்ந்தே ஒம்பது நாள்தான் ஆச்சு. எனக்கு இன்னும் வேலை எதுவும் குடுக்கல. அதனால சும்மா இருக்க வேணாம்னு இண்டர்வியூ எடுக்கச் சொல்லிட்டாங்க. நீங்களே ஒரு கேள்வி கேட்டு நீங்களே பதில் சொல்லிடுங்களேன்" என்றார். நம்மவர் அப்படியே செய்து நல்ல மதிப்பெண் வாங்கினார்.

கடைசியாக ஒன்றே ஒன்றுதான் பாக்கி: முகப் பதிவு. வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களில் ஆள்மாறாட்டம் செய்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். அதனால் முகத்தை ஒரு தடவை பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தக் கொம்பனாலும் ஏமாற்ற முடியாது என்று கம்பெனிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

திரையில் எழுத்து வந்தது. இடது பக்கம் திரும்பவும். திரும்பினார். வலது பக்கம். திரும்பினார். இப்போது இயல்பாகச் சிரிக்கவும்.

சிரித்தார்.

"சிரிப்பு போதவில்லை. மீண்டும் முயலவும்."

எட்டு மாதம் வீட்டில் இருந்த மனுஷனுக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வந்துவிடுமா? கன்னத்தை இழுத்தார். போதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை விரித்தார். "இது சிரிப்பல்ல" என்றது திரை. பின்னால் நின்ற மனைவி, "நம்ம கல்யாண நாளை நெனச்சுக்கோங்க" என்று யோசனை சொன்னாள். நினைத்துப் பார்த்ததில் முன்னைவிட மோசமாகப் போயிற்று. அவள் முறைத்துவிட்டு நகர்ந்தாள். திரையில் "கடைசி வாய்ப்பு, இருபது நொடி" என்று சிவப்பாக விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் அடுக்களையில் இருந்தான். அவளுடைய தம்பி. தண்ணீர் ஃபில்டர் விற்பவன்; அக்கா வீட்டு ஃபில்டரைக் கழுவ வந்திருந்தான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கதவு திறந்த நொடியில் வாயெல்லாம் பல்லாக நிற்பதுதான் பத்து வருஷமாக அவன் தொழில். நல்ல பையன், உதவி என்றால் ஓடி வருவான். ஓடி வந்து, இவர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "அத்தான், பல்லு தெரியணும் அத்தான். இப்படி!" என்று காட்டினான்.

டிங் என்று ஒரு மணி அடித்தது. "அருமை! உங்கள் முகம் பதிவாகிவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு வருக."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நம்மவர் கம்பெனிக் கணினியைத் திறக்கப் போனார். கேமரா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் நீங்கள் அல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. மறுபடியும் காட்டினார், மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை காட்டினால் காவல் துறைக்குத் தகவல் போகும் என்று ஒரு வரி கூடுதலாக வந்தது. மச்சினனுக்குப் போன் போட்டார். அவன் ஃபில்டர் டப்பாவோடு வந்து, நின்றபடியே பல்லைக் காட்டினான். கதவு திறந்துகொண்டது.

திறந்ததும் முதல் காரியமாகப் புகார் எழுத உட்கார்ந்தார். பெயர் மாற்றம், முகவரி மாற்றம், வங்கி மாற்றம், திருமண நிலை மாற்றம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. முக மாற்றத்துக்கு இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "முகத்தை மாற்றும் கோரிக்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும். மருத்துவர் சான்றிதழ் இணைக்கவும். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்துவிட்டால் முகம் நிரந்தரமாகிவிடும் என்பதை நினைவூட்டுகிறோம்."

இதற்கிடையில் 'இருப்பு உறுதி' என்று ஒன்று இருந்தது. நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் திரையில் பச்சை வட்டம் வரும். நாற்பது நொடிக்குள் அதில் முகத்தை வைத்துச் சிரிக்க வேண்டும். ஊழியர் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு. வேலை செய்கிறாரா என்று பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. ஆகவே மச்சினன் வெளியே போக முடியாதவனானான். அடுக்களையிலிருந்தே போனில் ஃபில்டர் விற்றான். பச்சை வட்டம் வந்தால், "ஒரு நிமிஷம் மேடம்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு ஓடி வந்து சிரித்துவிட்டுப் போவான்.

மூன்றாவது வாரம் மனிதவளத் தலைவியோடு வீடியோ பேச்சு கிடைத்தது. நம்மவர் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மச்சினன், கதவு திறப்பதற்காக.

"எங்களுக்கு மனுஷங்கதான் எல்லாமே" என்று ஆரம்பித்தாள் தலைவி. "சொல்லுங்க, உங்க நம்பர் என்ன?"

"ஏழாயிரத்து நானூத்திப் பன்னெண்டு மேடம்" என்றார் நம்மவர். "விஷயம் என்னன்னா..."

"சார், நீங்க கொஞ்சம் நகர்ந்துக்கங்க. ஊழியர் பேசட்டும்."

"மேடம், அவர்தான் ஊழியர்" என்றான் மச்சினன். "இண்டர்வியூல பேசினது, வேலை செய்யறது எல்லாம் அவர். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஃபில்டர் விக்கறவன்."

தலைவியின் முகம் கனிந்துபோயிற்று. "பாவம். இது எங்க ஆளுங்க நிறையப் பேருக்கு வர்றதுதான். 'எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல, ஏதோ தப்பா உள்ள வந்துட்டேன்'ன்னு மனசு உறுத்தும். வெக்கப்படாதீங்க. அதுக்குன்னே ஆறு வார வகுப்பு வெச்சிருக்கோம். உங்களைச் சேத்துவிடறேன்."

"மேடம், நெஜமாவே எனக்கு..."

"அதான், அதான். எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

அவனைச் சேர்த்தும்விட்டாள். 'நான் தகுதியானவன்' என்பது வகுப்பின் பெயர். வாரம் இரண்டு நாள் மச்சினன் கண்ணாடி முன்னால் நின்று, "இந்த இடம் என் இடம்" என்று நூறு தடவை சொல்ல வேண்டும். முதல் வாரம் சிரித்துக்கொண்டே சொன்னான். நான்காவது வாரம் சிரிக்காமல் சொன்னான்.

அதற்குள் நம்மவருக்கு வேலை வந்துவிட்டது. பத்தாயிரத்தில் வேலை வந்த சொற்பப் பேரில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். 'வாடிக்கையாளர் 3-பி' என்று ஒரு ஆஸ்பத்திரி. எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் ரகசியம். அங்கே நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து, டாக்டர் அறைக்கு மேலே பலகையில் எண் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருந்தது. கம்பெனியே எழுதிக் கொடுத்தது. கூப்பிட்ட ஆள் வராவிட்டால், அவர் வருகிறவரை அது அவருக்காகவே காத்திருக்கும். அடுத்த எண்ணுக்குப் போகாது.

டோக்கன் கொடுக்கும் அம்மாள் வாரா வாரம் போனில் குறை சொல்லுவாள். குரல் மட்டும்தான், பெயர் சொல்லிக்கொள்ளக் கூடாது, எண்தான்.

"சார், நேத்து பதினேழாம் நம்பர்காரரு ஊசின்னு சொன்னதும் எந்திரிச்சு ஓடிட்டாரு. போர்டு அவருக்காகச் சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சு. பின்னாடி நூத்தி முப்பது பேரு. எல்லாரும் என்னைத்தான் முறைக்கறாங்க. நான் என்ன அவரைப் புடிச்சா கட்டி வெக்க முடியும்?"

"இதை முன்னாடி சொல்லலையாம்மா?"

"சொல்லாமலா? நாப்பது பேரைப் போட்டு ஒரு வருஷம் பாத்தாங்க. அதுக்கப்புறம் நம்பருக்குக் கீழ 'தங்கள் பொறுமைக்கு நன்றி'ன்னு வருது."

நம்மவர் ஒன்பது நாள் உட்கார்ந்தார். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அடுத்தவர் போகலாம். ஓடியவர் மனசு மாறி வந்தால் இரண்டு பேருக்குப் பிறகு அவருக்கு இடம். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் பழைய புரோகிராமை நாற்பது பேர் நாற்பது விதமாகச் சிக்கலாக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தார். சோறு தண்ணி மறந்து வேலை செய்வது எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஒன்பது நாளும் மனுஷர் சந்தோஷமாக இருந்தார்.

"சார்!" என்றாள் அம்மாள் அடுத்த வாரம். "இன்னிக்கு மத்தியானமே கூட்டம் காலி. நான் உக்காந்து நிதானமா சாப்பிட்டேன். பதினோரு வருஷத்துல இதான் மொதத் தடவை. உங்க பேரு என்ன சார்?"

"சொல்லக் கூடாதும்மா. ஏழாயிரத்து நானூத்திப் பன்னெண்டுன்னு வெச்சுக்கங்க."

"அவ்ளோ பெரிய நம்பர் என் போர்டுல வராது சார். பரவாயில்ல, குரல் தெரியும்."

ஒரு நாள் பேச்சின் நடுவே, "இருங்க சார், இங்க தண்ணி டேங்க் கிட்ட பெயிண்ட் லாரி கவுந்துடுச்சு. ரோடெல்லாம் மஞ்சள்" என்றாள். நம்மவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். இரண்டு தெரு தள்ளி, தண்ணீர் டேங்குக்குக் கீழே ரோடு மஞ்சளாகக் கிடந்தது. கண்டங்கள் தாண்டி வேலை செய்வதாகக் கம்பெனி பீற்றிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரத்தில் இருந்தது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

நூறாவது நாளோ என்னவோ, பத்தாயிரம் பூர்த்தியானதற்கு விழா வைத்தார்கள். தபால் தலை அளவில் ஆயிரக்கணக்கான முகங்கள் திரையில் நெளிந்தன. கம்பெனித் தலைவர் பேசினார்.

"முன்னெல்லாம் ஒருத்தரை வேலைக்கு எடுத்தா, அவர் எங்க உக்காருவார், என்ன செய்யறார், சாப்பிட்டாரான்னு பாக்க வேண்டியிருந்துச்சு. எவ்வளவு தொல்லை! இப்ப அது எதுவுமே கிடையாது. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா நாம குடும்பம். போன வருஷம் மூவாயிரம் பேர் சேந்து தாமதமா செஞ்ச வேலையை, இந்த வருஷம் பதிமூவாயிரம் பேர் சேந்து தாமதமா செய்யறோம். இதுக்குப் பேர்தான் வளர்ச்சி."

கைதட்டும் படங்கள் பறந்தன. பிறகு, ஆஸ்பத்திரி வேலையை முடித்த சாதனையாளர் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். திரை முழுக்க மச்சினன். நம்மவர் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். பத்து வருஷத் தொழில் ஆயிற்றே, பேச்சு வராமல் போகுமா? "அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. தெரியாத அழுக்குதான் ஆபத்து. ஒவ்வொரு அடுக்கா வடிகட்டணும். கடைசியில வர்றது சுத்தம். அதுக்கு நான் பொறுப்பு!" என்று முழங்கினான். ஃபில்டரைத்தான் சொன்னான். மென்பொருள் பற்றி இவ்வளவு ஆழமாக யாரும் பேசிக் கேட்டதில்லை என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மச்சினனின் சிரிப்பு கம்பெனி விளம்பரத்தில் வந்தது. "வீட்டிலிருந்தே உலகை ஆளுங்கள்." மாமனார் அதைப் பார்த்துவிட்டார். சொந்தபந்தம் மொத்தத்துக்கும் அனுப்பினார். பையன் பெரிய இடத்தில் சேர்ந்துவிட்டான், மாப்பிள்ளையும் பாவம் வீட்டில் சும்மா இருப்பதற்கு அவனுக்கு ஒத்தாசையாக இருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "மாப்பிள்ளை, அவன் சின்னப் பையன், பொறுப்பு ஜாஸ்தி. நீங்கதான் அவனுக்கு டீ கீ போட்டுக் குடுத்துப் பாத்துக்கணும்."

"மாமா, வேலை செய்யறது நான்."

"தெரியும் மாப்பிள்ளை, தெரியும். கூடமாட இருக்கறதும் வேலைதானே."

நம்மவர் இதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மகளுக்குப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். ஒன்பது வயசுப் பெண், தானே எழுதி முடித்துவிட்டு அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில், உருண்டை எழுத்தில், 'மாமாவுக்கு உதவி' என்று எழுதியிருந்தது.

"எழுத்துப் பிழை இருக்காப்பா?"

"இல்லம்மா" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் போன பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்: "கம்பெனிக்கு எழுதிப் போடப் போறேன். எல்லாத்தையும். ஆறு மாசம் முடிய இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

"வேலை போயிடுச்சுன்னா?"

"இப்ப மட்டும் யாருக்கு இருக்கு? எனக்கா?"

"எழுதுங்க" என்றாள். "தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

எழுதினார். அதுவரை எந்தக் கடிதத்துக்கும் நான்கு நாளுக்குள் பதில் போடாத கம்பெனி, இதற்கு நாற்பது நிமிஷத்தில் பதில் போட்டது. ஊழியரின் வேலையில் ஓர் அந்நியர் கை வைத்திருப்பதாக அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரல்லவா? விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள். பாதுகாப்புக் கருதி அவர்கள் முகம் காட்ட மாட்டார்கள். திரையில் மூன்று கறுப்புக் கட்டங்கள்தான்.

"எங்களுக்கு உண்மைதான் முக்கியம்" என்றது முதல் கட்டம். "அதனால எங்க பதிவுல இருக்கறதை மட்டும்தான் உண்மையா எடுத்துக்குவோம்."

"ஐயா, அந்த புரோகிராமுல எந்த வரியை வேணா கேளுங்க. ஏன் எழுதினேன், எதுக்கு எழுதினேன்னு சொல்றேன்" என்றார் நம்மவர். கேட்காமலே சொல்லவும் ஆரம்பித்தார். ஓடிப்போன பதினேழாம் நம்பர்காரர் திரும்பி வந்தால் எங்கே நுழைப்பது, அவருக்குப் பின்னால் இருப்பவர் கோபப்படாமல் எப்படிப் பார்ப்பது என்று கால் மணி நேரம் பேசினார். மூன்று கட்டமும் குறுக்கிடாமல் கேட்டன.

"ரொம்ப நல்லா சொன்னீங்க" என்றது இரண்டாம் கட்டம். "உங்களுக்கு வேலை தெரியும்ங்கறது தெளிவாயிடுச்சு. ஆனா நீங்க எங்க ஊழியர்ங்கறதுக்கு இது சாட்சி ஆகாதே. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"சொல்லப்போனா," என்றது மூன்றாவது, "எங்க ஊழியர் ஒருத்தருக்கு இவ்வளவு விவரம் தெரிஞ்சிருந்தா எங்களுக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கும்."

மச்சினனைக் கூப்பிட்டார்கள். அவன் கேமரா முன்னால் வந்து, "சத்தியமா நான் ஒரு வரிகூட எழுதல" என்றான்.

"ஆறு வார வகுப்பு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"மறுபடியும் ஒரு தடவை சேத்துடுங்க" என்று முதல் கட்டம் யாருக்கோ உத்தரவு போட்டது.

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. ஊழியர் எண் 7412 குற்றமற்றவர். அவருடைய முகம் நிரந்தரமாக்கப்படுகிறது. மனவுளைச்சலுக்கு ஈடாக அணித் தலைவர் பதவி. அந்நியர் இனி கம்பெனிக் கணினியைத் தொடக் கூடாது. அந்நியர் எழுதிய வரிகள் அத்தனையும் தூய்மைக் கேடு என்பதால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீக்கப்பட்டு, ஆஸ்பத்திரி மென்பொருள் பழைய நிலைக்கே கொண்டுவரப்படும். அதனால் ஏதேனும் சிக்கல் வந்தால் சமாளிக்க இருநூறு பேர் புதிதாக எடுக்கப்படுவார்கள்.

மச்சினன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "அத்தான், நான் எவ்வளவோ சொன்னேன். வகுப்பு முடிச்சதுலேர்ந்து நான் எது சொன்னாலும் தன்னடக்கம்ங்கறாங்க." கொஞ்சம் தயங்கினான். "உங்ககிட்ட ஏன் மறைக்கணும்? சில நேரம் எனக்கே, நான்தான் எழுதினேனோன்னு தோணுது."

நம்மவருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வேலை போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. எழுதினதை அழிக்கப் போகிறார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை, எழுதியவன் மூஞ்சி பிடிக்கவில்லை என்று பிடுங்கிப் போடுகிற முட்டாள்தனத்தை இருபது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் டேங்கைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பத்தாக ஐந்து நிமிஷம். கூடம் நிறைய ஜனம். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒருவர், குழந்தையை மடியில் போட்டு விசிறிக்கொண்டு ஒருத்தி. டாக்டர் அறைக்கு மேலே பலகையில் எண்கள் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன. பதினான்கு. பதினைந்து. அவர் எழுதியது ஓடுவதை அவர் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பதினாறு. ஒரு கிழவர் எழுந்து உள்ளே போனார்.

பதினேழு விழுந்தது. யாரும் எழவில்லை. பலகை இரண்டாம் தடவை கூப்பிட்டது. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி. பலகை ஒரு முறை அணைந்து எரிந்தது. பதினேழு. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், தங்கள் பொறுமைக்கு நன்றி.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினேழு. கூடம் முழுக்கத் திரும்பி டோக்கன் ஜன்னலைப் பார்த்தது. உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நம்மவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலில் குனிந்தார்.

"பதினேழாம் நம்பர்காரர் எழுந்து போயிட்டாராம்மா?"

அம்மாள் தட்டுவதை நிறுத்தினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வழுக்கை, சவரம் செய்யாத தாடை, சிரிப்பில்லாத முகம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சார்! நீங்களா! உள்ள வாங்க, உள்ள வாங்க, அந்தப் பக்கம் கதவு இருக்கு!"

அவர் உள்ளே போய் நின்றார். ஆறு மாதமாக ஒரு கேமராவுக்குத் தெரியாத ஆளை, ஒரே ஒரு கேள்வியில் இவள் கண்டுபிடித்துவிட்டாள். கண் கலங்கியதை மறைக்கக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நேத்து வரைக்கும் ஓடினது இந்த மெஷின்லயே பிரதியா இருக்கும். உங்க ஆஸ்பத்திரிச் சொத்துதான் அது. எடுத்து வெச்சா ஒரு நிமிஷத்துல ஓடும். ஆனா அவங்க அங்கேர்ந்து மறுபடியும் அழிச்சிடுவாங்கம்மா."

"எது வழியா வந்து அழிப்பாங்க?"

அவர் சுவரில் சொருகியிருந்த நீலக் கேபிளைக் காட்டினார். அம்மாள் பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். பாதி தூரம் போனவள் கூடத்தை ஒரு தடவை பார்த்தாள். திரும்பி வந்து, குனிந்து, கேபிளைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த போனிலிருந்து கம்பெனி மேலாளரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "பதட்டப்படாதீங்க, நாங்க எழுபது பேரு லைன்ல இருக்கோம். இப்பதான் ஒருத்தரை ஒருத்தர் அறிமுகப்படுத்திட்டிருக்கோம்..."

நம்மவர் உட்கார்ந்தார். விரல் தானாகப் போயிற்று. சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "யாரும்மா இவர்? கம்பெனி ஆளா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அம்மாள். "வேலை தெரிஞ்சவரு."

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பலகையில் பதினெட்டு விழுந்தது. குழந்தையை மடியில் வைத்திருந்தவள் எழுந்தாள்.